உள்ளூர் நம்பர்

அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேனேஜருக்கு அவன் ரூட்டு. வாசலில் பையைச் சோதிக்கும் காவலாளிக்கு ரூட்டு தம்பி. ஹெட்செட் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு ரூட்டண்ணா. வேலையில் சேர்ந்த புதிதில், "தம்பிக்கு இங்க என்ன வேலை?" என்று டீம் லீடர் அம்மா கேட்டபோது, "ரூட் போடறதுங்க மேடம்" என்று அவன் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான்.

"யாருக்கு?" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தளமே கொல்லென்று சிரித்தது. கல்லூரியில் மூன்று வருஷமும் ஒரு பெண்ணை ஏறிட்டுப் பார்க்காமல் படித்துப் பாஸானவனுக்கு வந்து வாய்த்த பெயர் அது. முதலில் காது சிவந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்தக் கம்பெனி வீட்டுக்கு வீடு தண்ணீர் ஃபில்டர் விற்கிறது. விற்பனை முழுக்கப் போனில்தான். ஒரு பெரிய தளம், தடுப்புப் பலகைகளுக்கு நடுவே பேசுகிற ஆட்கள், ஓரத்தில் குளிரூட்டிய ஒரு சின்ன அறை. அந்த அறைக்குள் இருக்கும் பெட்டிதான் கம்பெனியின் தொண்டை. தளத்தில் யார் எந்த நம்பரை அடித்தாலும் அது அங்கேதான் வரும். அதை எந்த லைன் வழியாக வெளியே விடுவது, எதிர்முனையில் இருப்பவரின் போனில் எந்த நம்பரைக் காட்டுவது, யார் வெளிநாட்டுக்குப் பேசலாம், யார் பேசக் கூடாது என்பதற்கெல்லாம் பெட்டிக்குள் விதிகள் வரிசையாக இருக்கும். பெட்டி மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்துகிற விதியைத் தொற்றிக்கொண்டு போய்விடும், முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிடுகிற அவசரக்காரனைப் போல. அடுத்து வருவதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த விதிகளை எழுதுவது அவன் வேலை.

அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அப்பா போன பிறகு வீட்டைத் தாங்கியவள் அக்கா. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் பள்ளிக்கே முதலாக வந்தவள், ரிசல்ட் வந்த கையோடு ஒரு ஜெராக்ஸ் கடையில் போய் நின்றாள். தம்பி டிகிரி வாங்கியதும் அந்தச் சான்றிதழைக் கடைக்குக் கொண்டுபோய்த் தன் கையாலேயே லேமினேட் செய்து கொடுத்தாள். சான்றிதழை லேமினேட் செய்யக் கூடாது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. முதல் நேர்முகத் தேர்வில் அதை விரலால் தட்டிப் பார்த்தவர், "என்னப்பா, ஓட்டல் மெனு கார்டு மாதிரி கொண்டாந்திருக்க?" என்றார். அதை அவன் அக்காவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

அக்கா கடையில் நின்றபடியே தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியாக எழுதியது பள்ளிக்கூட ஆய்வக உதவியாளர் வேலைக்கு. குடுவை கழுவுகிற, அமிலத்தை அளந்து வைக்கிற வேலை. அவளுக்கு அது போதும். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. தேர்வானவர்களில் யாராவது ஒருவர் வராமல் போனால், கல்வி அலுவலகத்திலிருந்து போனில் கூப்பிடுவார்கள். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். விண்ணப்பத்தில் ஒரே ஒரு நம்பருக்குத்தான் கட்டம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சுக்கும் இடமில்லை. வயது வரம்பு அவளுக்கு இதோடு முடிகிறது.

ஜெராக்ஸ் கடைக்காரர் வேலை நேரத்தில் கையில் போன் இருந்தால் சிடுசிடுப்பார். ஆகவே போன் வீட்டில் அம்மாவிடம் இருக்கும். அம்மா குளிக்கப் போனால்கூட அதைக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் போவாள். அம்மாவுக்குப் பெயர்களைப் படிக்க வராது. ஆனால் தங்கள் ஊர்த் தரைவழி போன் நம்பர்கள் எந்த மூன்று எண்ணில் ஆரம்பிக்கும் என்பது மனப்பாடம். கல்வி அலுவலகமும் அந்த ஊரில்தானே இருக்கிறது.

இப்படி இருக்கையில் ஒருநாள் மேனேஜர் மீட்டிங் போட்டார். அடிக்கிற போனில் பாதியை யாரும் எடுப்பதே இல்லை.

"நகரத்து நம்பரைப் பார்த்தாலே கட் பண்றாங்கய்யா. என்ன, நம்ம என்ன கடனா கேட்கப் போறோம்? ஃபில்டர் தானே விக்கறோம்!"

"எங்க அம்மாவும் அப்படித்தான் சார்," என்றான் ரூட்டு. ஏதோ பேச்சுவாக்கில்தான் சொன்னான். "வெளியூர் நம்பர்னா தொடவே மாட்டாங்க. எங்க ஊர் நம்பர்னா மட்டும் விழுந்தடிச்சுட்டு எடுப்பாங்க."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏய், அதைத் திருப்பிச் சொல்லு."

அவன் திருப்பிச் சொன்னான்.

"அப்ப அந்தந்த ஊர்க்காரனுக்கு அந்தந்த ஊர் நம்பரைக் காட்ட முடியுமா?"

முடியும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு லைன் வாடகைக்கு எடுக்க வேண்டும். வாடிக்கையாளர் எந்த ஊர் என்பது டயல் செய்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியும். அது நம்பருக்கு முன்னால் ஊருக்கொன்றாக இரண்டு எண்ணைச் சேர்த்துப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அந்த இரண்டு எண்ணைப் பார்த்து ஊரைத் தெரிந்துகொண்டு, அவற்றை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை அந்த ஊர் லைன் வழியாக வெளியே விடும். எதிர்முனையில் பார்ப்பவருக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அவன் பலகையில் படம் போட்டு விளக்கினான். பேசப் பேசக் குரல் ஏறியது. அந்த அறையில் இத்தனை பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வேலை அப்படி ஓடியது. ஊர் ஊராக விதி எழுதினான். அவன் ஊருக்குப் பதினேழு என்று எண் கொடுத்தான். எல்லாம் தயாரானதும் மேனேஜர், டீம் லீடர் அம்மா, தளத்தில் பாதிப் பேர் அவன் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"யாருக்கு அடிச்சுப் பார்க்கலாம்?" என்றார் மேனேஜர்.

"எங்க வீட்டுக்கே அடிக்கறேன் சார்." அக்காவின் நம்பரைப் பட்டியலில் ஏற்றினான். ஊர், பதினேழு. ஸ்பீக்கரைப் போட்டான்.

ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"சொல்லுங்க சார்!" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நான் அவளோட அம்மாதான் பேசறேன் சார். அவ கடைல இருக்கா, இதோ, ஓடிப்போய்க் கூட்டியாந்துடறேன். வெச்சுடாதீங்க சார், ரெண்டு தெரு தள்ளிதான்…"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கைதட்டலும் எழுந்தது.

"அம்மா, நான்தான்மா," என்றான் அவன்.

"யாரு?"

"நான்தான். ஆபீஸ்லேர்ந்து. சும்மா டெஸ்ட் பண்ணேன்."

"நீயா," என்றாள் அம்மா. "நம்ம ஊர் நம்பர் வந்துச்சே."

"அதாம்மா, நான்தான் அப்படிச் செஞ்சேன். இனிமே எங்க கம்பெனி எல்லா ஊருக்கும் அந்தந்த ஊர் நம்பர்ல இருந்து பேசும். முழுக்க என் வேலை."

"அப்படியா சாமி. நல்லது," என்றாள் அம்மா. குரலில் காற்று போயிருந்தது. "அவகிட்டச் சொல்லணுமா?"

"சொல்லும்மா, சந்தோஷப்படுவா."

மேனேஜர் அவன் தோளில் ஓங்கித் தட்டினார். "பார்த்தீங்களாய்யா? விழுந்தடிச்சுட்டுன்னான், அப்படியே எடுத்தாங்க. ரூட்டு, நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல."

"அதைத்தான் சார் நானும் முதல் நாள்லேர்ந்து சொல்றேன்," என்றார் டீம் லீடர் அம்மா. அவனும் சேர்ந்து சிரித்தான். அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான்.

டயல் செய்கிற கம்ப்யூட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் சட்டென்று போனை எடுக்கிறார்களோ அவர்களை நல்ல ஆசாமி என்று குறித்துக்கொள்ளும். நல்ல ஆசாமிகளை மறுபடி மறுபடி கூப்பிடும். ஒரு மணி முடிவதற்குள் எடுத்த அம்மாவை விட நல்ல ஆசாமி அந்தப் பட்டியலிலேயே வேறு யாரும் இல்லை. சோதனைக்கு ஏற்றிய நம்பரை அவன் பட்டியலிலிருந்து திரும்ப எடுக்கவும் இல்லை.

ஒருநாள் சாயந்திரம் அக்கா கூப்பிட்டாள். "டேய், உன் கம்பெனிக்காரங்க ஒரு நாளைக்கு நாலு தடவை கூப்பிடறாங்கடா. அம்மா ஒவ்வொரு தடவையும் அலறி அடிச்சுட்டு எடுக்குது. நேத்து என்னைக் கடையிலேர்ந்து இழுத்துட்டே வந்துடுச்சு. வந்து காதுல வெச்சா, 'மேடம், உங்க வீட்டுத் தண்ணி பாதுகாப்பானதா'ன்னு ஒருத்தி கேக்கறா."

"ஐயோ! சாரிக்கா. இன்னைக்கே நிறுத்திடறேன்."

"நிறுத்திடு. கிண்டலுக்குச் சொல்லல. அந்தப் போன் எந்த நேரம் வேணா வரும்."

"எனக்குத் தெரியாதாக்கா?"

அவன் அப்போதே உட்கார்ந்து விதி எழுதினான். அக்காவின் நம்பருக்கு யார் அடித்தாலும் வெளியே விடாதே. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் விதியாக வைத்தான். முதலில் பொருந்துவதைத்தானே பெட்டி பிடிக்கும். சேமித்தான். அக்காவைக் கூப்பிட்டு, "இனிமே வராதுக்கா" என்றான். அதற்குள் மேனேஜர் வாசலில் நின்று, இன்னும் நாலு ஊர் சேர்க்க வேண்டும் என்றார்.

சில நாள் அழைப்பு வரவும் இல்லை. கம்பெனி அப்போது வேறு ஊர்களைத் துழாவிக்கொண்டிருந்தது. பிறகு பட்டியல் சுற்றிக்கொண்டு மறுபடி அவன் ஊருக்கு வந்தது. மறுபடி நாலு, மறுபடி ஐந்து. இந்த முறை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. மகன் வேலை பார்க்கிற கம்பெனி. குறை சொல்லப்போய் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எடுத்து எடுத்துப் பார்த்தாள். தண்ணி, தண்ணி, தண்ணி. கையில் மாவோடு எடுத்தாள், சோப்பு நுரையோடு எடுத்தாள், காய்ச்சலில் எழுந்து உட்கார்ந்து எடுத்தாள். எல்லாம் தண்ணிதான். பிறகு ஒருநாள், துணி அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எட்டிப் பார்த்தாள். ஊர் நம்பர்தான். "அடிச்சுட்டுக் கெட" என்று சொல்லிவிட்டு வாளியில் கையை விட்டாள். ஒருதரம் எடுக்காமல் விட்டதும் அடுத்த தரம் விடுவது சுலபமாகிவிட்டது.

மாதங்கள் ஆகியும் ஒன்றும் வரவில்லையே என்று அக்கா ஒருநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்வி அலுவலகத்துக்கே போனாள். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"கூப்பிட்டோமேம்மா. ரெண்டு தடவை. யாரும் எடுக்கலை. உங்களுக்கு அடுத்து இருந்தவங்க வேலையிலயே சேர்ந்துட்டாங்க."

"போன் வீட்லதான் சார் இருந்துச்சு."

"இருந்து என்ன பண்றது? எடுக்கணுமில்ல?"

செய்தி கேட்டு அவன் ஊருக்கு ஓடினான். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சுவர் ஓரமாகச் சுருண்டு கிடந்தாள். அக்கா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எப்போதும் போலத் தலை வாரி, எப்போதும் போலப் பை மாட்டி.

"நான்தான் பாவி," என்றாள் அம்மா, எழுந்திருக்காமலே. "ஃபில்டர்காரன்னு நெனச்சேன். கை ஈரமா இருந்துச்சு."

"சும்மா இரும்மா," என்றாள் அக்கா. அவனைப் பார்த்தாள். "நிறுத்திட்டேன்னு சொன்னியேடா."

"நிறுத்தினேன்க்கா. சத்தியமா. எல்லாத்துக்கும் மேல விதி போட்டேன்."

"அப்புறம் எப்படி வந்துச்சு?"

அதை அவன் பஸ்ஸிலேயே கண்டுபிடித்திருந்தான். யாரும் விளக்கத் தேவையில்லாமல், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தானாகவே தெரிந்துவிட்டது. "உன் நம்பரை மட்டும்தான் போட்டேன். கம்ப்யூட்டர் அடிக்கறப்ப முன்னால பதினேழு சேர்த்துதான் அடிக்கும். பதினேழோட வர்ற நம்பரும் நான் போட்ட நம்பரும் ஒண்ணு இல்லன்னு பெட்டி நெனச்சுடும். கீழ இறங்கி அடுத்த விதியைப் பிடிச்சுடும். அங்க போய்த்தான் பதினேழை வெட்டும். அதுக்குள்ள லைன்ல போயாச்சு."

அக்கா கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. புரியாமல் திட்டியிருந்தால் பரவாயில்லை.

"போட்டதும் ஒரு தடவை அடிச்சுப் பார்த்தியா?" என்றாள்.

அவன் தோளில் இருந்த பையைக் கீழே வைத்தான்.

"போகுதான்னு பார்க்க ஆபீஸையே கூட்டி வெச்சு அடிச்ச. அம்மாவைப் பேச வெச்சுச் சிரிச்சீங்க. போகாம நிக்குதான்னு பார்க்க ஒரு தடவை அடிச்சியா?"

"இல்லக்கா."

"சரி," என்றாள். "சாப்பிட்டுப் போ. அம்மாவையும் எழுப்பி உக்கார வெச்சு ஊட்டு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவன் முதல் வேலையாக அந்த விதியைத் திருத்தினான். பதினேழைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. தளத்தில் ஒரு பெண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்து, முன்னால் பதினேழு சேர்த்து அக்காவின் நம்பரை அடித்தான். டொக்கென்று ஒரு சத்தம், பிறகு "அனுமதி இல்லை" என்று ஒரு பெண் குரல். பதினேழு சேர்க்காமல் மறுபடி அடித்தான். அனுமதி இல்லை. அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை. எல்லா இடத்திலும் அதே குரல். விதி இப்போது கனகச்சிதமாக வேலை செய்தது.

மேனேஜரிடம் போய், தன் ஊரையே எடுத்துவிடலாமா என்று கேட்டான். காரணத்தையும் சொன்னான். அவர் உச்சுக்கொட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அடப்பாவமே. உன் அக்காவா? ச்சே. அவங்க நம்பரை எடுத்துட்டேல்ல?"

"எடுத்துட்டேன் சார். ஆனா ஊர்ல மத்தவங்களும் யார் யாரோட போனுக்கோ காத்துட்டு இருப்பாங்க சார்."

"இருப்பாங்கய்யா, அதனாலதானே எடுக்கறாங்க!" என்றார் மேனேஜர். சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாரு, நல்லா ஓடற ஊரு அது. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அடுத்த மாசம் உனக்கு சீனியர்னு போடறதா பேச்சு நடக்குது. இந்த நேரத்துல போய் இதெல்லாம் கிளறாத."

அவன் கிளறவில்லை. சீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். புதிதாகச் சேர்க்க வேண்டிய ஊர்களின் பெயர்கள் திரையில் காத்திருந்தன. மத்தியானத்துக்குள் இரண்டு ஊருக்கு விதி எழுதி முடித்தான். கை பாட்டுக்கு எழுதியது. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் அடித்துப் பார்த்தான், போகிறதா என்று.

சீனியர் என்று போட்ட சேதியை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தான். அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லலாமா, வேண்டாமா என்று அவன் சில நாளாகத் தடுமாறிக்கொண்டிருந்தான். அவள்தான் கூப்பிட்டாள்.

"என்னடா, பெரிய ஆளாயிட்டியாமே. அம்மா சொல்லுச்சு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. பேருதான்."

"சரி, ஒண்ணு கேக்கணும். உங்க கம்பெனில போன் பேசறதுக்கு ஆள் எடுக்கறாங்களா?"

"ஏன்க்கா? யாருக்கு?"

"எனக்குத்தான். வயசு வரம்பு இல்லையாமே அதுக்கு. நம்ம ஊர்க்காரங்ககிட்ட நம்ம ஊர் நம்பர்ல இருந்து பேசணும், அவ்ளோதானே? நம்ம பேச்சு எனக்கு வரும். யார் யாரு எதுக்குக் காத்துட்டிருக்காங்கன்னும் பாதிப் பேரைப் பத்தி எனக்கே தெரியும். ஜெராக்ஸ் கடைக்கு வராத ஆளு யாரு?"

குத்திக்காட்டுகிறாளா, நிஜமாகக் கேட்கிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. குரல் சாதாரணமாக இருந்தது. கடையில் மெஷின் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. வேலை நேரத்தில் கடைக்காரர் எதிரிலேயே போனைக் காதில் வைத்திருக்கிறாள். இனி அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை போலிருக்கிறது. அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்க்கா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் விட்டிருந்தால்தானே சொல்ல முடியும்.

"மேனேஜர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்க்கா," என்றான்.

மெஷின் மூடியை அவள் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கேட்க வேணாம்," என்றாள் அக்கா. "இந்த வேலை வேணாம்க்கான்னு சொல்றியா, கேட்கறேன்னு சொல்றியான்னுதான் பார்த்தேன்."

வைத்துவிட்டாள்.